வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்

காலை ஐந்தரை மணிக்குத் தண்டலம் பஸ் நிறுத்தத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் எல்.இ.டி. தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. டீக்கடைக்குள் பழைய டியூப்லைட் ஒன்று எரிகிறது. கிடங்கு ஒன்றின் மதிலோரம், யாரும் மாற்றாமல் விட்ட சோடியம் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கிறது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் போகிற கம்பெனி பஸ்களின் முகப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கடக்கின்றன. கிழக்கே பூந்தமல்லிப் பக்கம் வானம் வெளுக்கிறது. அந்தச் சோடியம் விளக்கை விட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றையும் கண் ஒரே சொல்லில் அடக்கிவிடும்: வெள்ளை.

நிறுத்தத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒரு சிடி தொங்குகிறது. பாட்டுப் போட்டுக் கேட்ட காலம் முடிந்து, இப்போது அலங்காரம். அதன் பளபளப்பான பக்கத்தில் தெருவிளக்கின் பிம்பம் விழும்படி பிடித்து மெல்லச் சாய்த்தால், பிம்பத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு வண்ணக் கோடு தோன்றும். அவசரப்படாமல் பார்க்க வேண்டும். ஓரத்தில் பளிச்சென்று நீலம். அதையடுத்து ஒளி குன்றிய ஒரு பள்ளம். அப்புறம் பச்சையில் தொடங்கி மஞ்சள் வழியாகச் சிவப்பில் போய்த் தேயும் அகலமான பட்டை. எல்.இ.டி.யின் வெள்ளை இது. சிடியை டீக்கடைப் பக்கம் திருப்பினால் கோடு துண்டுதுண்டாகிவிடும். ஊதா, நீலம், அழுத்தமான பச்சை, ஆரஞ்சு கலந்த சிவப்பு என்று டியூப்லைட்டின் தனித்தனிப் பிம்பங்கள்; நடுநடுவே இருட்டு. சோடியம் விளக்கில் மஞ்சளும் ஆரஞ்சும் தடித்து நிற்கும்; நீலப் பக்கம் மெல்லிய கோடு ஒன்றிரண்டு தவிர ஏறக்குறைய வெறுமை.

சூரியன் ஏறியபின் அதே சிடியில் வெயிலை வாங்கி எதிர்ச் சுவரில் அடித்தால், ஊதாவிலிருந்து சிவப்புவரை இடைவெளி தெரியாத ஒரே பட்டை விழுகிறது. (சுவரைத்தான் பார்க்க வேண்டும். சூரியனையும், சிடியில் தெரியும் அதன் பிம்பத்தையும் பார்க்கக் கூடாது.)

ஆக, அந்த நிறுத்தத்தில் இருந்தது ஒரு வெள்ளை இல்லை. பெயர் ஒன்று, உள்ளே சரக்கு வேறு வேறு. இதை எந்த இயற்பியல் புத்தகமும் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறவர்கள் இந்த நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால் வரும் காஞ்சிபுரத்தில் இருக்கிறார்கள். அங்கே பட்டுக்கடையில் அரக்கா, மெரூனா என்று வாடிக்கையாளர் தடுமாறும்போது, அனுபவப்பட்ட விற்பனையாளர் விளக்கைக் கூட்டிக் காட்டுவதில்லை. சேலையை எடுத்து நீட்டி, “வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கம்மா” என்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் வெள்ளொளியைப் பற்றிய பாதிச் செய்தி அடங்கியிருக்கிறது.

மீதிப் பாதி நியூட்டனிடமிருந்து தொடங்குகிறது. அவருக்கு முன்பும் முப்பட்டகக் கண்ணாடியில் வண்ணம் தெரிவது எல்லோரும் அறிந்ததுதான். கண்ணாடி ஒளிக்குச் சாயம் ஏற்றுகிறது, அல்லது ஒளியோடு இருட்டு கலந்து நிறமாகிறது என்று நினைத்தார்கள். 1666 வாக்கில், இருட்டாக்கிய அறையின் சன்னல் பலகையில் சிறு துளையிட்டு, உள்ளே வந்த வெயிலை முப்பட்டகத்தின் வழியாக எதிர்ச்சுவரில் விழவைத்தார் நியூட்டன். துளை வட்டம், சுவரில் விழுந்த வண்ணப் படமோ அகலத்தைப் போல் ஐந்து மடங்கு நீளம். அவர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். அந்தப் படத்தில் ஒரு நிறத்தை மட்டும் பலகைத் துளை வழியே பிரித்தெடுத்து இரண்டாவது முப்பட்டகத்துக்குள் அனுப்பினார். கண்ணாடிதான் சாயம் ஏற்றுகிறது என்றால் இரண்டாவது கண்ணாடியும் ஏதாவது சாயம் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. சிவப்பு சிவப்பாகவே வந்தது, நீலம் நீலமாகவே வந்தது. முன்னதைவிடப் பின்னது அதிகமாக வளைந்தது, அவ்வளவுதான். பிரிந்த நிறங்களை மறுபடி ஒன்றாகக் குவித்தபோது வெள்ளை திரும்பி வந்தது. 1672ஆம் ஆண்டு இதை எழுதி அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார்.

நிறமாலையில் ஏழு நிறம் என்று பள்ளியில் எண்ண வைக்கிறார்களே, அந்த ஏழும் நியூட்டன் போட்ட கணக்கு. இசையின் ஏழு சுரங்களோடு ஒப்பிட்டுப் பிரித்தார். உண்மையில் அந்தப் பட்டையில் வேலி எதுவும் கிடையாது. சுமார் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதாவில் தொடங்கி 700 நானோமீட்டர் சிவப்புவரை படிப்படியாக மாறிக்கொண்டே போகிறது. ஒரு தலைமுடியின் குறுக்களவில் இப்படிப்பட்ட அலைகள் நூற்றுக்கும் மேல் வரிசையாக அடங்கும்.

சிடி எப்படி முப்பட்டகத்தின் வேலையைச் செய்கிறது? அதன் மேல் பாட்டைப் பதித்த தடம், கூந்தலைச் சீவியதுபோல, ஒரே சீரான இடைவெளியில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒரு தடத்துக்கும் அடுத்ததுக்கும் 1.6 மைக்ரோமீட்டர், மில்லிமீட்டருக்கு 625 வரி. ஒவ்வொரு வரியிலும் பட்டுத் தெறிக்கும் அலைகள் ஒன்றோடொன்று சேரும்போது, ஒவ்வோர் அலைநீளமும் தனக்கென்று ஒரு கோணத்தில்தான் பலப்படுகிறது. நீலம் ஒரு திசை, சிவப்பு ஒரு திசை. தண்டலத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு படித்து வந்தவர்களுக்கு இது பழைய கதை. இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரின் நடுவே அவர்கள் வைத்த, கிரேட்டிங் என்னும் வரிக் கண்ணாடியிலும் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 600 வரிதான். தொங்குகிற சிடியும் ஆய்வகத்தின் கிரேட்டிங்கும் ஒரே அளவு நுணுக்கம் கொண்டவை என்பது மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டிய செய்தி.

அந்த ஆய்வகத்து விளக்கு பாதரச விளக்கு. சும்மா பார்த்தால் நீலம் பாய்ந்த வெள்ளை. தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் சில கோடுகள் மட்டும்: 404.7இல் ஊதா, 435.8இல் நீலம், 546.1இல் பச்சை, 577, 579 நானோமீட்டரில் அடுத்தடுத்து இரண்டு மஞ்சள். சிவப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரு காலத்தில் தெருக்களில் பாதரச விளக்கு எரிந்தபோது அதன் கீழ் நின்றவர்கள் முகமெல்லாம் நோய்ப்பட்டதுபோல் தெரிந்ததன் காரணம் இது. தோலில் இருக்கும் செம்மையைத் திருப்பி அனுப்ப, அந்த வெள்ளைக்குள் செம்மையே இல்லை.

ஸ்பெக்ட்ரோமீட்டரை ‘ரெக்கார்டு நோட்டு’க்காகத் தொட்டு விட்டுவிடுகிற கருவியாக நினைப்பவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியில் நடந்த ஒன்றை அறிய வேண்டும். திருவானைக்காவலில் பிறந்த மாணவர் ஒருவர் அங்கே அந்தக் கருவியை வைத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். பாடத்தில் உள்ள வழக்கமான சோதனைதான். கண்ணாடி முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, பிம்பத்தின் இருபுறமும் தெரியும் விளிம்பு வரிகள் சமமாக இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. மற்றவர்கள் கோணத்தைக் குறித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். அவர் அந்தச் சமமின்மையைத் துரத்தினார். லண்டனின் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழில் 1906 நவம்பரில் அது கட்டுரையாக வந்தபோது சி.வி. ராமனுக்கு வயது 18. பின்னால் 1928இல் கல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் ஒற்றை நிற ஒளியைத் திரவங்களுக்குள் செலுத்தி, சிதறி வரும் ஒளியில் புதிய, மங்கலான நிறங்களும் சேர்ந்து வருவதைக் கண்டார்கள். அந்த ஆய்வுகளில் அவர்களுக்குக் கைகொடுத்தது பாதரச விளக்கு. முதலாண்டு மாணவர்கள் இன்றும் தொலைநோக்கியில் பிடிக்கிற அதே 435.8 நீலக்கோடு.

இனி கண்ணைப் பற்றிப் பேச வேண்டும். வெள்ளை என்ற தீர்ப்பைச் சொல்வது கண்தானே.

கச்சேரியில் உட்கார்ந்திருக்கிற காதுக்கு வயலின் வேறு, மிருதங்கம் வேறு, பின்னால் ஒலிக்கும் தம்புரா வேறு. எல்லாம் ஒரே காற்றில் கலந்துதான் வருகின்றன. காது பிரித்துக் கேட்கிறது. கண்ணுக்கு அந்தத் திறமை இல்லை. விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. ஒன்று குறுகிய அலைநீளத்துக்கும், ஒன்று நடுத்தரத்துக்கும், ஒன்று நெடிதுக்கும் அதிகம் அசைந்து கொடுக்கும். எத்தனை அலைநீளங்கள் உள்ளே வந்தாலும் மூளைக்குப் போவது இந்த மூன்று வகை தருகிற மூன்று கணக்கு மட்டுமே. மூன்றும் வெயிலில் கிடைக்கும் அதே விகிதத்தில் வந்துவிட்டால் வெள்ளை என்று முடிவாகிவிடுகிறது. அந்த விகிதத்தை எந்தெந்த நிறங்கள் சேர்ந்து உண்டாக்கின என்று கண்ணிடம் கேட்டுப் பயனில்லை.

விளக்குத் தொழிலும் திரைத் தொழிலும் நிற்பதே கண்ணின் இந்த இயலாமையின் மேல்தான். கைபேசித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விரல் நுனியால் ஒரு பொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். நீர்த்துளி உருப்பெருக்கியாகிவிடும், வெள்ளைக்குப் பதில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். மஞ்சள் படத்தைத் திறந்தால் அங்கே மஞ்சள் புள்ளி என்று ஒன்று கிடையாது. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்து மஞ்சள் என்று நம்ப வைக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இந்தப் புள்ளிகள் சோறு போட்டவை. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது இங்கே பல வீடுகளில் விளக்கணைந்தது போலிருந்தது. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. கையுறை போட்ட பெண்கள் ஷிப்டு ஷிப்டாகக் கையாளும் ஒவ்வொரு திரையும், மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு உலகத்தின் எல்லா நிறத்தையும் கண்ணுக்கு நம்பும்படி சொல்கிற ஏற்பாடு.

எல்.இ.டி. விளக்கின் வழி வேறு. கைபேசியின் பின்புறம் அணைந்திருக்கும் பிளாஷ் விளக்கை உற்றுப் பாருங்கள். உள்ளே வெள்ளை இருக்காது, மஞ்சள் பொட்டு ஒன்று இருக்கும். ஒளி தருகிற சில்லு உண்மையில் நீலம், சுமார் 450 நானோமீட்டர். அதன்மேல் சீரியம் கலந்த மஞ்சள் பாஸ்பரைப் பூசியிருக்கிறார்கள். நீலத்தில் ஒரு பகுதியை அது விழுங்கி, பச்சையிலிருந்து சிவப்புவரை அகலமாக உமிழ்கிறது. விழுங்காமல் விட்ட நீலம் அப்படியே வெளியே வருகிறது. இரண்டும் சேர்ந்து வெள்ளை. சிடியில் நாம் கண்ட பள்ளம், நீலம் முடிந்து பாஸ்பரின் பச்சை தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்றிடம். சிவப்பும் பச்சையும் தரும் எல்.இ.டி.கள் 1960களிலேயே வந்துவிட்டன. பிரகாசமான நீலத்தை எட்ட 1990கள்வரை ஆயிற்று. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். நீலம் கிடைத்த பிறகே வெள்ளை கிடைத்தது.

இப்போது காஞ்சிபுரத்து விற்பனையாளரிடம் திரும்பலாம். சேலை தனக்கென்று ஒளி வைத்திருப்பதில்லை. விளக்கு அனுப்புகிற நிறங்களில் சிலவற்றைச் சாயம் பிடித்துக்கொள்கிறது, மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. விளக்கு அனுப்பாத நிறத்தைச் சேலை திருப்பித் தர வழியில்லை. சோடியம் விளக்கடியில் நீலக் காரைத் தேடுகிறவர் கறுப்புக் காரின் முன் போய் நிற்பது இதனால்தான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்துச் சேலையில் சிக்கல் இரட்டிப்பு. நடந்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி மின்னும் அந்த அழகு, சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் பள்ளம் விழுந்த எல்.இ.டி. ஒளியில் கொஞ்சம் குறைபட்டுப் போகலாம். வாசலில் பார்க்கச் சொல்வது நாணயமான யோசனை.

பிளவுஸ் துணியில் கதை இன்னும் நுட்பமானது. ‘மேட்சிங் சென்டர்’ விளக்கடியில் சேலையின் உடல் நிறத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்திய துணி, தெருவுக்கு வந்ததும் வேறாகத் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. சேலையின் சாயமும் துணியின் சாயமும் வேறு வேறு வேதிப்பொருள்கள். கடை விளக்கில் இருந்த நிறங்களை வைத்துக் கண் போட்ட மூன்று கணக்கும் இரண்டு துணிக்கும் ஒன்றாக வந்தன. வெயிலில் இருக்கிற கூடுதல் நிறங்கள் வந்து விழுந்ததும் கணக்கு பிரிந்துவிட்டது. திருப்பூரில் இதற்கு ‘மெட்டாமெரிசம்’ என்று அன்றாடம் புழங்கும் பெயரே உண்டு. சாயப் பட்டறையின் ‘லேப் டிப்’ துண்டை அனுமதிக்கும் முன் லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கான டி65, கடை வெளிச்சத்துக்கான டிஎல்84, குண்டு பல்பின் மஞ்சள் என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் சரியாக இருந்து இன்னொன்றில் ஷேடு மாறினால் துணி திரும்பி வரும். வெள்ளை பலவகை என்பதை அந்தத் தொழில் நட்டப்பட்டுக் கற்றிருக்கிறது.

கார் ஆலையில் இதே பிரச்சினை உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்ததிலிருந்து இந்தச் சாலை கார்களின் சாலை. ஒரு காரின் உடம்பு எஃகு. வண்ணம் பூசியபின் சுமார் 140 டிகிரி சூட்டில் காய வைக்கலாம். பம்பர் பிளாஸ்டிக், அந்தச் சூட்டில் உருக்குலைந்துவிடும். ஆகவே அதற்கு வேறு பெயிண்ட், வேறு அடுப்பு, பெரும்பாலும் வேறு கூடம். இரண்டும் ஒரே காரில் அக்கம்பக்கமாகப் பூட்டப்படுகிறபோது, எந்த வெளிச்சத்திலும் ஒட்டுப்போட்டது போலத் தெரியக் கூடாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதைப் பல கோணங்களில் அளக்கும் கருவியை வைத்து ஒப்பிடுகிறார்கள். கண் மூன்று எண்ணில் முடித்துவிடுவதைக் கருவி முழு வரைபடமாகப் பார்க்கிறது.

இவற்றில் சிரமமான நிறம் எது என்று கேட்டால் வெள்ளையைத்தான் சொல்ல வேண்டும். சிவப்பில் சிறு பிசகு நடந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். வெள்ளையில் இம்மி மஞ்சள் ஏறினாலும் ‘அழுக்கு’ என்று சொல்லிவிடும்.

கார் வெள்ளையும் சுவர் வெள்ளையும் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. இது ஒளியை மிகவும் வளைக்கும் பொருள். அதன் நுண்துகள்களில் புகும் ஒளி எந்த நிறமும் வீணாகாமல், முட்டி மோதிச் சிதறி வெளியே வருகிறது. உள்ளே போனது வெள்ளையென்றால் வெளியே வருவதும் வெள்ளை. கல்லுப்பு ஒன்றைத் தனியே எடுத்தால் கண்ணாடி மாதிரி. குவியலாகக் கொட்டினால் வெள்ளை. சர்க்கரையும் அப்படியே. சாயம் எதுவும் இல்லாமல், சிதறலிலிருந்து மட்டும் பிறக்கிற வெள்ளை அது. டைட்டானியம் வருகிற இடத்தைப் பார்த்தால் வியப்பு கூடும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் இல்மனைட் மணல் அதன் மூலப்பொருள்களில் ஒன்று. அந்த மணல் கறுப்பு. இரும்பும் டைட்டானியமும் பிணைந்து, விழுகிற ஒளியையெல்லாம் விழுங்குகிற கறுப்பு. இரும்பைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது உலகத்தின் மிகச் சிறந்த வெள்ளை.

வேட்டியின் வெள்ளை வேறு வித்தை. துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய பருத்தி, ஒளியில் நீலத்தைக் கொஞ்சம் விழுங்கத் தொடங்குகிறது. அதனால் மஞ்சள் தட்டுகிறது. சொட்டு நீலம் போட்டு அலசினால், அந்த நீலச் சாயம் மிச்சமிருக்கும் மஞ்சள் பக்கத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். மொத்தத்தில் திரும்பிவரும் ஒளி முன்னைவிடக் குறைவு. ஆனால் மூன்று கணக்கும் சமமாகிவிட்டதால் கண் ‘வெளுப்பு’ என்கிறது. இன்றைய சலவைத்தூள்கள் ஒரு படி மேலே போய், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும் பொருள்களைச் சேர்க்கின்றன. வெயிலில் புறஊதா தாராளமாக இருப்பதால், தன்மேல் விழுந்த ஒளியைவிட அதிகம் திருப்பித் தருவதுபோல வேட்டி பளீரென்று மின்னும். நீலச் சில்லில் செய்த எல்.இ.டி. விளக்கில் புறஊதா ஏறக்குறைய இல்லை. கல்யாண மண்டபத்து வாசலில் ஜொலித்த மாப்பிள்ளை வேட்டி மணவறை விளக்கடியில் சற்றுச் சோர்ந்து தெரிந்தால், வெளுத்தவர் மேல் பழியில்லை.

வெள்ளையிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதற்கும் இந்த வட்டாரத்திலேயே சாட்சி உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபைன் ஆலை மிதவைக் கண்ணாடி செய்கிறது. சாதாரணக் கண்ணாடிப் பலகையை நேரே பார்த்தால் நிறமே இல்லை. ஓரத்தைப் பார்த்தால் பச்சை. மணலோடு வந்த துளி இரும்பு, சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது. ஐந்து மில்லிமீட்டர் தடிமனைக் கடக்கும்போது அந்த இழப்பு தெரிவதில்லை. பலகையின் முழு நீளத்தையும் கடந்து ஓரத்துக்கு வரும் ஒளியில் சிவப்பு பெருமளவு போய்விடுகிறது. வண்டியில் நிறுத்தி ஏற்றிய கண்ணாடி அடுக்கைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை தெரியும்.

சரி, எல்லா விளக்குக்கும் உரைகல்லாக வைக்கிறோமே, அந்த வெயிலாவது முழுமையான வெள்ளையா? சுவரில் விழுந்த பட்டையில் இடைவெளி தெரியவில்லைதான். நியூட்டனுக்கும் தெரியவில்லை. 1802இல் வில்லியம் வுல்லாஸ்டன் வட்டத் துளைக்குப் பதில் மெல்லிய பிளவு வழியே ஒளியை விட்டபோது, நிறமாலையின் குறுக்கே சில கறுப்புக் கோடுகள் தென்பட்டன. 1814 முதல் ஜெர்மனியின் கண்ணாடிக் கலைஞர் ஃபிரான்ஹோஃபர் அவற்றை நூற்றுக்கணக்கில் எண்ணி வரைந்தார். சூரியனின் மேல் அடுக்கில் உள்ள தனிமங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய நிறத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட தழும்புகள் அவை என்பது 1859க்குப் பிறகு கிர்ச்சாஃப், புன்சன் என்ற ஜெர்மன் விஞ்ஞானிகள் இருவராலும் தெளிவாயிற்று. மஞ்சளில் ஒட்டி நிற்கும் இரண்டு கறுப்புக் கோடுகள், 589.0, 589.6 நானோமீட்டர், சோடியத்தினுடையவை. தண்டலத்துக் கிடங்கு மதிலில் எரியும் அதே சோடியம்.

இந்த அறிவு கைக்கு வந்து ஒன்பது ஆண்டில், 1868 ஆகஸ்ட் 18 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதி வழியாக முழுச் சூரிய கிரகணம் கடந்தது. குண்டூரில் பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் ஜான்சன் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வான்நோக்கு நிலையத்தின் தலைவர் நார்மன் பாக்சன். சூரியன் மறைந்த அந்தச் சில நிமிடங்களில், விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளை நிறமாலைக் கருவியில் பார்த்தார்கள். இங்கே கறுப்புக் கோடுகள் இல்லை. இருட்டின் நடுவே பளிச்சிடும் கோடுகள். அவற்றில் ஒன்று மஞ்சள். சோடியமாக இருக்கும் என்றே முதலில் எடுத்துக்கொள்ளத் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் கிரகணம் இல்லாமலே அதைப் பிடித்து அளந்தார். 587.6 நானோமீட்டர். சோடியத்தின் இடத்திலிருந்து ஒன்றரை நானோமீட்டர் தள்ளி இருந்தது அந்தக் கோடு. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தவில்லை. சூரியனுக்கான கிரேக்கப் பெயரிலிருந்து ஹீலியம் என்று பெயரிட்டார்கள். 1895இல் வேதியியலாளர் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வெளியேறிய வாயுவில் அதே மஞ்சள் கோட்டைக் காணும்வரை, சூரியனில் மட்டும் இருக்கிற பொருளாகவே 27 ஆண்டுகள் அது நின்றது.

இன்று ஹீலியம் சிலிண்டரில் அடைத்து விற்கிற சரக்கு. அதன் அணுக்கள் மிகச் சிறியவை. தண்ணீரும் எண்ணெயும் நுழையாத ஓட்டையிலும் நுழையும். ஆகவே வாகனத் தொழிலில் கார் ஏசியின் குழாய்களையும் கண்டன்சர்களையும் பொருத்துவதற்கு முன், உள்ளே ஹீலியத்தை நிரப்பி, வெளியே துளி கசிகிறதா என்று கருவி வைத்து மோப்பம் பிடிக்கிறார்கள். கசியாத பாகத்தின் மேல் ‘ஓகே’ ஸ்டிக்கர் ஒட்டி, டிரேயில் அடுக்கி, கார் ஆலைக்கு அனுப்புகிறார்கள்.